நல்ல வண்டிங்க

எந்த வண்டியின் பானெட்டைத் திறப்பதற்கு முன்னாலும் அவர் அனுமதி கேட்பார். வண்டிக்காரர் பக்கத்தில் நின்றால் அவரிடம். இல்லாவிட்டால் வண்டியிடமே. "ஏனுங், தொறந்து பாக்கட்டுங்களா?" என்று ஆளில்லாத ஒரு பழைய வேனிடம் அவர் கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். திறந்ததும் குனிந்து பார்ப்பார். உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாலும் முகம் மாறாது. இரண்டு கையாலும் மெதுவாக அழுத்தி மூடிவிட்டு, தோள் துண்டில் விரல்களைத் துடைத்தபடி, "நல்ல வண்டிங்க" என்பார்.

சூலூரில் எங்கள் தெரு முனையில் அவருடைய ஒர்க்‌ஷாப் இருந்தது. தகரக் கூரை, ஒரு வேப்ப மரம், எந்நேரமும் வாய் பிளந்து நிற்கும் இரண்டு மூன்று கார்கள். வேலை சுமாராகச் செய்வார். கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை எங்கள் பக்கத்து வீட்டுக் காருக்கு ஹாரன் சரி செய்து கொடுத்தார், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஹாரன் அடித்தது. ஆனால் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் இவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். காரணம் எளிது. கூப்பிட்டால் வருவார். வரமாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெரியாது.

அங்கேதான் சிக்கலே. வண்டியில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க அவரால் முடியும். கண்டுபிடித்ததை வண்டிக்காரர் முன்னால் சொல்ல மட்டும் முடியாது. ஒருவர் ஆசையாக வைத்திருக்கும் பொருளை அவர் வீட்டு வாசலிலேயே நின்று குறை சொல்வதா என்று நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அதனால் அவரைக் கூட்டிப் போகிறவர்கள் அவருடைய பாஷையைப் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "நல்ல வண்டிங்க" என்றால் அதற்கு அர்த்தமே கிடையாது, அது வணக்கம் சொல்வது மாதிரி. அதற்கு அடுத்து வருவதுதான் முக்கியம். "நல்ல வண்டிங்க, கொஞ்சம் பாத்துக்கோணுமுங்க" என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. "வயசுக்கு நல்லாத்தானுங்க இருக்குது" என்றால் இன்ஜினைக் கழற்றிப் போட வேண்டும். "இவிங்க நல்லா வெச்சிருந்திருக்காங்க" என்று வண்டியை விட்டுவிட்டு வண்டிக்காரரைப் புகழ ஆரம்பித்தால், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான்.

இதையாவது பழகிக்கொள்ளலாம். பழகவே முடியாதது காபி விஷயம். ஒரு வீட்டில் வாய் நனைத்துவிட்டால் போதும், அந்த வீட்டு வண்டியைப் பற்றி அதற்கு அப்புறம் ஜாடையாகக்கூட ஒரு குறை வராது. நம் பக்கத்தில்தான் வாசலில் கால் வைத்ததும் சொம்புத் தண்ணீரும் காபியும் வந்துவிடுமே. அதனால் மனிதர் வண்டியைப் பார்க்க ஓட்டமாக ஓடுவார். வீட்டுக்கார அம்மா அடுப்படியில் பாலை வைப்பதற்குள் பானெட்டைத் திறந்து, புகையைப் பார்த்து, "வயசுக்கு" என்ற வார்த்தையையாவது சொல்லிவிடத் துடிப்பார். கார் புரோக்கர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "அவரா வர்றாரு? சக்கரை எத்தனை கரண்டிங்க போடுவாரு?" என்று முதல் நாளே போனில் விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

என் பெரியப்பா இதையெல்லாம் நம்பாமல் அவரைத் தாராபுரத்துக்கு ஒரு கார் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். விற்கிறவர் விவரமான ஆள். காபியோடு விடவில்லை. நாட்டுக்கோழி அடித்து, வாழை இலை போட்டு உட்கார வைத்துவிட்டார். சாப்பிட்டு எழுந்து வந்து வண்டியை ஸ்டார்ட் செய்தால் பின்னாலிருந்து நீலப் புகை சாம்பிராணி போட்ட மாதிரி எழும்பி, கட்டியிருந்த எருமை இரண்டு தடவை தும்மியது. பெரியப்பா திரும்பி இவர் முகத்தைப் பார்த்தார். இவர் வெற்றிலையை மென்றபடி, "நல்ல வண்டிங்க" என்றார். அதற்கு அடுத்து ஒன்றுமே வரவில்லை. பெரியப்பா வாங்கிவிட்டார்.

குண்டடம் தாண்டுவதற்குள் இன்ஜின் ஆயில் பாதி காலி. வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பெரியப்பா கேட்டிருக்கிறார், "ஏப்பா, அங்கயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"கொழம்ப ரெண்டாவது வாட்டியும் ஊத்துனாங்களேங்க" என்றாராம் இவர், கண் கலங்கி. "அதுக்கு மேல பிஸ்டன் ரிங்கு போயிருச்சுன்னு எந்த மூஞ்சியோடங்க சொல்றது?"

பெரியப்பாவால் திட்டவும் முடியவில்லை, ஏனென்றால் குழம்பு அவருக்கும் பிடித்திருந்தது. அதற்கு அப்புறம் மனிதர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, கூலி ஒரு பைசா வாங்காமல், அந்த இன்ஜினை முழுதாகக் கழற்றி மாட்டிக் கொடுத்தார். மாட்டி முடித்த பிறகு மூன்று போல்ட் மிச்சம் இருந்தது. அதையும் துடைத்து, ஒரு டப்பாவில் போட்டு, மரியாதையாகப் பெரியப்பா கையில் கொடுத்தார்.

இத்தனையும் தெரிந்த நான் அவரைக் கூட்டிக்கொண்டு கார் பார்க்கப் போனேன் என்றால், எனக்கு வேறு வழி இல்லை என்று அர்த்தம்.

நான் அப்போது வீட்டில் கேக் செய்து விற்கத் தொடங்கியிருந்தேன். பிறந்தநாள் கேக்குகள் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. இருகூரில் ஒரு புதுவீட்டு விசேஷத்துக்குக் கொண்டுபோன கேக் மட்டும் ஒரு வேகத்தடையில் மாடியை இழந்து தரைத்தளமாகப் போய்ச் சேர்ந்தது. வாடகைக் கார் வைத்துப் பார்த்தேன். ஓட்டுநர் மேட்டில் ஏறும்போதெல்லாம் ஏசியை அணைத்துவிடுவார், பின்சீட்டில் என் வெண்ணெய்ப் பூக்கள் வழியும். இந்த நிலைமையில் தாராபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு ஐந்தடுக்குக் கேக் கேட்டு ஆர்டர் வந்தது. வைகாசி மாதம், உச்சி வெயில், அறுபது கிலோமீட்டருக்கு மேல். நான் வாயைத் திறந்து சரி என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்தக் கேக்கு உருகிப் போச்சுன்னா?" என்றார். "அடுப்ப மூடிப்போட்டுப் பழையபடி டியூசன் எடுக்கறேன்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். எனக்கு அந்த டியூஷன் என்றால் வேப்பங்காய். அதனால் கல்யாணத்துக்குள் எனக்கு ஏசி நன்றாக வேலை செய்யும் ஒரு பழைய கார் கிடைத்தாக வேண்டும்.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கார் இருப்பதாகத் தகவல் வந்தது. விற்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். நானும் மெக்கானிக் அண்ணனும் பஸ்ஸில் போனோம். டிக்கியில் கேக் பெட்டி நுழைகிறதா என்று அளந்து பார்க்க ஒரு பெரிய காலி அட்டைப் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். வழியெல்லாம் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

"ஏனுங்ணா, அங்க போயி எதையும் வாயில வெக்கக் கூடாது. என்னோட பொழப்பு இதுல இருக்குது."

"செரிங்க அம்மணி."

"காபி குடுத்தா?"

"வெரதமுன்னு சொல்லிப்போடறேனுங்க."

"தண்ணி?"

கொஞ்சம் யோசித்தார். "தண்ணியுங்களா? தாகமில்லைன்னு சொல்றதுங்களா? இந்த வெயில்ல நம்புவாங்களாங்க?"

வாழைத் தோப்பு ஓரமாக வீடு. வாத்தியார் அண்ணனை விடப் பெரிய மரியாதைக்காரர் என்பது வாசலிலேயே தெரிந்துவிட்டது. "வாங்க வாங்க" என்று அவர் கை கூப்ப, "இருக்கட்டுங்க" என்று இவர் கூப்ப, யார் முதலில் கையை இறக்குவது என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். நிழலில் அந்த வெள்ளைக் கார். கழுவித் துடைத்து, கண்ணாடிகள் பளபளத்தன. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"இது எங்கண்ணன் குடுத்ததுங்க" என்றார் வாத்தியாரின் மனைவி, காரின் தலையைத் தடவி. "பொறந்த ஊட்டுல இருந்து வந்ததுங்க. எங்கண்ணன் எனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்துத் தந்துச்சு. பையன் பெங்களூருல இருந்து புதுசு ஒண்ணு வாங்கி அனுப்பிட்டான், நிறுத்த எடமில்லை, அதுனாலதான் குடுக்கறோம்." வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாழை மரங்களைப் பார்த்தார்.

அந்த அம்மா உள்ளே போய்க் காபியோடு வந்தார்.

"வெரதமுங்க" என்றார் நம் ஆள், வீரமாக. எனக்குப் பெருமையாக இருந்தது.

"அப்படீங்களா? என்ன சாமிக்குங்க?"

இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். "எல்லா சாமிக்குந்தானுங்க" என்றார்.

அந்த அம்மாவுக்குக் கண்ணில் பக்தியே வந்துவிட்டது. "அப்ப எளநி சாப்புடலாங்களே! வெரதத்துக்கு எளநி ஆவுமுங்க. நம்ம தோட்டத்து எளநி" என்று சொல்லி முடிப்பதற்குள் சீவிய இளநீர் அவர் கையில் இருந்தது. நான் கண்ணால் கெஞ்சினேன். அவரும் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு, அண்ணாந்து குடித்தார். அதோடு எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அதற்கு அப்புறம் நடந்ததை, அவர் பிற்பாடு எனக்கு விளக்கிச் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். அங்கே நின்றபோது நான் டிக்கிக்குள் தலையை விட்டுப் பெட்டியை அளந்துகொண்டிருந்தேன். பெட்டி கச்சிதமாகப் பொருந்தியது. ஏசியைப் போட்டால் பின்சீட்டைத் தாண்டி டிக்கி வரைக்கும் மார்கழி. இதற்கு மேல் ஒரு காரிடம் என்ன எதிர்பார்ப்பது?

அவர் பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் திருப்பியிருக்கிறார். அடியில் மோர் மாதிரி வெள்ளையாக நுரை. ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, ஏசி போட்டுத் தூரமாக ஓட்டினால் இன்ஜின் கொதித்துவிடும். அவர் மூடியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வாத்தியாரும் மூடியைப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னால் அந்த அம்மா, "எங்கண்ணன் அடிக்கடி வந்து பாத்துக்கும்" என்றார். நம் ஆள் மூடியை மெதுவாகத் திருகி மாட்டிவிட்டு, "நல்ல வண்டிங்க" என்றார்.

"ஆமாங்க" என்றார் வாத்தியார், குரல் இறங்கி.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் ஓட்டினேன், இவர் பக்கத்தில், வாத்தியார் பின்சீட்டில். கொஞ்ச தூரத்திலேயே ஹீட் காட்டும் முள் மேலே கிளம்பியது. நான் ஏசியின் குளுமையில் கேக்கைக் கற்பனை செய்துகொண்டு பாட்டு முணுமுணுத்தேன். இவர் முள்ளைப் பார்த்தார். வாத்தியாரும் பின்னாலிருந்து எட்டி முள்ளைப் பார்த்தார்.

"வெயிலுங்க" என்றார் வாத்தியார்.

"வெயில் எச்சுத்தானுங்க" என்றார் இவர்.

"போன வருசம் இத்தனை இல்லீங்க."

"இல்லவே இல்லீங்க."

முள் சிவப்பைத் தொடுவதற்குள் வீடு வந்துவிட்டது. நான் இறங்கி, கைப்பையிலிருந்து போனை எடுத்தேன், முன்பணம் அனுப்புவதற்காக. ஆனாலும் ஒரு உறுத்தல். எல்லோர் முன்னாலும் நேராகவே கேட்டுவிட்டேன்: "ஏனுங்ணா, வாங்கட்டுங்களா, வேண்டாங்களா?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். அந்த அம்மா சிரித்த முகமாகக் காத்திருந்தார். நம் ஆள் காரைப் பார்த்தார், காலி இளநீர்க் காயைப் பார்த்தார், கடைசியில் என் கையிலிருந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தார். என் அடுப்பு, என் டியூஷன், எல்லாம் அவர் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த வண்டிய நானே எடுத்துக்கறேனுங்க" என்றார்.

சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து அங்கேயே முன்பணமும் அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியாலேயே அவரை அடித்திருப்பேன். எனக்காகப் பார்க்க வந்த வண்டியை என் கண் முன்னாலேயே தட்டிக்கொண்டு போகிறார்! வாத்தியார் பதறிப்போய், "மீதிய மெதுவாக் குடுங்க, வண்டிய இப்பவே எடுத்துட்டுப் போங்க" என்று சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார். கேட்டுக்கு வெளியே வரைக்கும் கூடவே வந்து, மனைவிக்குக் கேட்காத குரலில் இவரிடம் சொன்னார், "நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னுதானுங்க இருந்தேன்."

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் இருந்தேனுங்க" என்றார் இவர்.

"என்னங்க?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார்கள் இருவரும்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். தெரு திரும்பியது. வாத்தியார் வீடு மறைந்தது. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"இது வண்டிங்களா? தண்டமுங்க! ஹெட்டு போச்சுங்க, வாட்டர் பம்பு அழுவுதுங்க, பேன் பாதி நேரம் சுத்தறதில்லீங்க. நாசமாப் போன வண்டிங்க. அவிங்க அண்ணன் தங்கச்சிக்குக் குடுக்கற வண்டியாங்க இது? பகையாளிக்குக்கூடக் குடுக்க மாட்டானுங்க!"

நான் வாயைப் பிளந்து பார்த்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டியை அவர் திட்டிக் கேட்டதில்லை. இப்போது அது அவருடைய சொந்த வண்டி. தன் பொருளைத் தானே திட்டுவதற்கு யாரிடம் மரியாதை பார்க்க வேண்டும்? நம்பியூர் வரை இன்ஜினைத் திட்டினார், சேவூர் வரை கியரைத் திட்டினார். சேவூர் தாண்டிப் புகை எழும்ப, புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, இறங்கி நின்று திட்டினார். இத்தனை காலம் எத்தனை வாசல்களில் விழுங்கிய வசவுகளோ, எல்லாம் அந்த ஒரு கார் மேல் விழுந்தது. அப்போதும் ஒவ்வொரு வசவின் கடைசியிலும் "ங்க" இருந்தது. என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. "எல்லாஞ் செரிங்ணா. என்ற கேக்குக்கு இப்ப வண்டி?"

"நான் கொண்டுபோயிச் சேத்தறேனுங்க அம்மணி."

அடுத்து வந்த நாட்களில் வேப்ப மரத்தடியில் அந்த வண்டி முழுதாகப் பிரிந்து கிடந்தது. ஹெட்டை லேத்துக்குக் கொடுத்து மட்டம் செய்து, கேஸ்கெட், பம்பு, பேன் எல்லாம் மாற்றினார். எனக்கு அவருடைய வேலைத்திறன் தெரியும் என்பதால் தினமும் போய், "போல்ட் ஏதாச்சும் மிச்சங்களா?" என்று விசாரித்தேன்.

கல்யாணத்தன்று ஐந்தடுக்குக் கேக் டிக்கியில் ஏறியது. ஏசியை முழுதாக வைத்தோம். வைகாசி வெயிலில் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, மனிதர் குளிருக்குத் தலையோடு துண்டைக் கட்டிக்கொண்டு, பல் கிடுகிடுக்க ஓட்டினார். ஒரு கண் ரோட்டில், ஒரு கண் முள்ளில். பல்லடம் தாண்டி முள் லேசாக அசைந்தது. "அக்கட்டால போவாதீங்க. அங்கயே நில்லுங்க" என்று முள்ளிடம் கெஞ்சினார். நான் பின்சீட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, சீட்டுக்கு மேல் கையை விட்டுக் கேக் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். முள் நின்றது. தாராபுரம் மண்டபத்தில் பெட்டியைத் திறந்தபோது ஐந்து அடுக்கும் அசையாமல், ஒரு பூ உதிராமல் நின்றது. மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர், அடுத்த மாதம் தன் மகள் நிச்சயத்துக்கும் வேண்டும் என்று அங்கேயே சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வெளியே ஓடி வந்தேன். அவர் காரின் பானெட் மேல் துண்டை விரித்து வெயிலில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, வண்டிதான் இப்ப நல்லா ஓடுதே. எனக்கே குடுத்துருங்க. நீங்க என்ன வெலைங்கறீங்களோ அத நான் தாரேன்."

"மாட்டேனுங்க" என்றார்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. அந்த வார்த்தை அவர் வாயில் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. ஊரில் யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டுங்க" என்பவர், யார் வீட்டுக் காபிக்கும் தலை குனிபவர், என்னைப் பார்த்து நேராக, கண்ணைக்கூடத் தாழ்த்தாமல், மாட்டேன் என்கிறார்.

"இன்னைக்கு ஓடுச்சுங்க அம்மணி. நாளைக்கும் ஓடலாம். ஆனா என்னைக்கோ ஒரு நாள் இது நடு ரோட்டுல நிக்குமுங்க. எனக்கு நின்னாத் தள்ளிப்போடுவேன். நீங்க தள்ளக் கூடாதுங்க."